சுன்ஜி போட்ட பதினேழு வருஷக் கணக்கு

தைனான் நகரச் சந்தைத் தெருவில் என் சோயாப்பால் கடைக்கு அடுத்தது சுன்ஜியின் மூக்குக்கண்ணாடிக் கடை. நல்லவள்தான், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. காரணமும் இருந்தது. அவள் அம்மாவுக்குக் கிட்டப்பார்வை மைனஸ் ஆறைத் தாண்டி ஏறிக்கொண்டே போய், விழித்திரை கிழிந்து, ஐம்பது வயதில் பார்வையே போய்விட்டது. பத்து வயது மகள் ருயினுக்கும் அதே கதி வருமோ என்று சுன்ஜிக்கு எந்நேரமும் அதே நினைப்பு.

லென்ஸ் நம்பர் கால் காலாகத்தான் ஏறும். அதனால் தசமம் எதுவானாலும் அவள் பின்னமாக்கித்தான் வகுப்பாள். ருயினுக்கு மைனஸ் 1.75. ஒரு வருஷத்தில் ஏறியது மைனஸ் 0.25. மைனஸ் ஆறுக்கு இன்னும் மைனஸ் 4.25 பாக்கி. என் கடைக் காகிதப் பையில் எழுதினாள்: −17/4 ÷ −1/4.

"ரெண்டு மைனஸும் அடிபட்டுப் போச்சு, நாலுக்கு நாலும் போச்சு. பதினேழு வருஷம்க்கா!"

"அதுக்குள்ள அவளே மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்துருவா, போடி!" என்றேன்.

அடுத்த மாதம் சுன்ஜி மகளின் கண்ணைச் சோதித்தபோது நானும் இருந்தேன். வெளியே மழை, கடைக்குள் ஒரே இருட்டு. சுவரில் மாட்டிய விளக்குப் பெட்டியில் இருக்கும், E போன்ற மூன்று கால் எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ருயின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையால் காட்டினாள். மேலே, வலது, கீழே, கீழே. சுன்ஜி மகள் கையை மட்டுமே பார்த்தாள்; கடைசி வரிசை வரை ஒரு பிழை இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், பெட்டிக்குள் விளக்கே போடவில்லை.

"அடிப்பாவி, லைட்டே எரியல! எதப் பாத்துடி சொன்ன?" என்றேன்.

ருயின் கையைத் தொங்கப் போட்டாள். அந்தக் கடையிலேயே வளர்ந்த பெண். அத்தனை வரிசையும் மனப்பாடம்.

சுன்ஜி விளக்கைப் போட்டு, வெள்ளைத் தாளில் புதிதாக எழுத்துகள் வரைந்து ஒட்டினாள். லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்ததில், மைனஸ் மூன்றில்தான் ருயினுக்குத் தெளிவாகத் தெரிந்தது. போன வருஷம் மைனஸ் 1.50. அந்த 1.75-உம் மனப்பாடத்தில் வந்ததுதான்; அப்படியானால் ஒரே வருஷத்தில் மைனஸ் ஒன்றரை ஏறியிருக்கிறது. மைனஸ் ஆறுக்குப் பாக்கி மைனஸ் மூன்று. சுன்ஜி எழுதினாள்: −3 ÷ −3/2.

இரண்டு வருஷம்.

"ஏன்டி பொய் சொன்ன?" என்றாள் சுன்ஜி.

ருயின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போன வருஷம் நம்பர் ஏறினப்ப நீ மூணு நாள் அழுதுக்கிட்டே இருந்த. எல்லாம் சரியா சொன்னாத்தாம்மா நீ சிரிக்கிற."