என் ஜெபக் குறிப்பில் இருந்த கோரைக் கிழங்கு

கர்த்தர் என் வீட்டில் செய்த நன்மையை மறைக்க மனமில்லாமல் இதை எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008 ஜூன் மாதம் என் மருமகள் ஸ்டெல்லா ஒன்பது மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்தில் இருக்கும் அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் நான்தான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் ஜெபக் கூட்டம் நடக்கும். ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு சொல்வோம். நான் வாராவாரம் மருமகளைத்தான் சொல்வேன். காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், அவள் மனம் மாற ஜெபியுங்கள் என்பேன். ஒருநாள் மார்க்கெட்டில் எங்கள் கூட்டத்துச் சகோதரி ஒருத்தி அவளை நிறுத்தி, “இப்பல்லாம் நேரத்தோட எழுந்திரிக்கிறியாம்மா? ஒனக்காகத்தான் நாங்க ஜெபிச்சிக்கிட்டு இருக்கோம்” என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்த ஸ்டெல்லா காய்கறிப் பையை வைத்தாள். மறுநாள் காலை கிளம்பிவிட்டாள்.

“அங்க போயி ஏம்மா சொன்ன?” என்றான் மகன்.

“ஜெபத்துக்குத்தானடா சொன்னேன்.”

அவன் அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. சனிக்கிழமை ஆனால் சிதம்பரம் பஸ் ஏறிவிடுவான். அங்கேயே வாடகைக்கு வீடு பார்க்கிறான் என்று காதில் விழுந்தது. பேரனை இனி எப்போது தூக்குவேன் என்று ஏங்கினேன். உபவாசம் இருந்தேன். முழங்காலில் நின்றால் பாதியில் எழுந்துவிடுவேன். உட்கார முடியாது, படுக்க முடியாது. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கீரைப் பாத்திக்குப் போவேன்.

பாத்தி முழுக்கக் கோரை. கோபத்தில் பிடுங்கிப் பிடுங்கி எறிவேன். மூன்றாம் நாள் பச்சை ஊசி மாதிரி திரும்ப நிற்கும். என் வீட்டுக்காரர் விவசாயக் குடும்பம். பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மேலாக்க இழுத்தா அது ஜாஸ்திதான் ஆவும். கெழங்கு அடியில கெடக்கு. தோண்டிப் பாரு.”

தோண்டினேன். ஒரு முழ ஆழத்தில் கறுப்புக் கிழங்குகள், ஒன்றோடு ஒன்று நூல் கோத்த மாதிரி அடுத்த பாத்தி வரைக்கும் போயிருந்தன. அந்த மண்ணிலேயே உட்கார்ந்து, “ஆண்டவரே, அவளை மாற்றும்” என்று ஆரம்பித்தேன். வாய் வரவில்லை. உனக்குள் என்ன கிடக்கிறது என்று ஆண்டவர் கேட்பது போல இருந்தது.

யோசித்தேன். கூட்டத்தில் நான் குறை சொல்லும்போது எல்லாரும் ‘ச்சு’ கொட்டி, “பாவம்க்கா நீங்க” என்பார்கள். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. அதற்காகவே வாராவாரம் போயிருக்கிறேன். ஜெபம் என்று பேர் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் மானத்தை வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்றேன். “இன்னிக்கி குறிப்பு எம்பேர்ல” என்று எல்லாவற்றையும் சொன்னேன். “விடுங்கக்கா, எல்லா ஊட்லயும் உள்ளதுதான்” என்றார்கள். நான் விடவில்லை.

மறுநாள் சிதம்பரம் போனேன். ஸ்டெல்லா வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“கூட்டத்துல என்னைச் சொன்னீங்கல்ல அத்தை, அதே கூட்டத்துல ஒங்களச் சொல்லுவீங்களா?”

“சொல்லிட்டுத்தாம்மா வரேன்.”

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, “மார்க்கெட்ல கேட்டாங்களே, அவுங்க இருந்தாங்களா?” என்றாள்.

“மொத ஆளா ஒக்காந்திருந்தாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். குழந்தையை என் கையில் கொடுத்தாள். உடனே வந்துவிடவில்லை. பத்து நாள் என் தவிப்பு அப்படியேதான் இருந்தது. பதினோராம் நாள் மகனோடு வந்து இறங்கினாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. நான் முழுக்கத் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் இன்றும் நாக்கு துடிக்கும். ஒரு நிமிஷம் கண்ணை மூடி, என் உள்ளே என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன்.

சகோதரிகளே, நீங்கள் யாருடைய பேரைச் சொல்லி ஜெபிக்கிறீர்களோ, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும் மனம் நோகாதபடி ஜெபியுங்கள். எனக்கு இரங்கினவர் உங்களுக்கும் இரங்குவார்.