வலது எப்போதும் குட்டை

காறையார் என்று கேட்டால்தான் அருங்காட்சியகத்தின் வாசல் காவலருக்கே ஆள் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பழைய எலும்புகள் வைத்திருக்கும் பின்பக்க அறையில் அவருக்கு ஒரே வேலை. கழுத்தடியிலிருந்து தோள்வரை ஓடும் காறையெலும்பை எடுத்து, நீளம், நடுச்சுற்றளவு, வளைவின் ஆழம் எல்லாம் அளந்து, ஆணா பெண்ணா, இடதா வலதா என்று தீர்ப்புச் சொல்வார். மனித உடம்பில் வேறு எலும்புகளும் உண்டு என்பதைப் பெருந்தன்மையோடு ஒத்துக்கொள்வார்.

யாரைப் பார்த்தாலும் அவர் கண் முகத்துக்குப் போகாது, காலருக்குக் கீழேதான் போகும். பேருந்தில் ஒரு பெண்மணியிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "ஆராய்ச்சிக்காகம்மா" என்று அவர் கொடுத்த விளக்கம் நிலைமையை இன்னும் சிறப்பாக்கியது.

மனைவி அழகு நிலையம் நடத்தினார். கை தோளுக்கு மேலே எழுந்தால்தான் கத்தரி பிடிக்க முடியும், கடை ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் கேட்ட பிளாஸ்டர் எலும்பு மாதிரிகளைப் பரணிலிருந்து எடுக்க ஸ்டூலில் ஏறியவர், வலது தோள் அடிபட விழுந்தார்.

"ஐயோ, கையைத் தூக்க முடியலைங்க. டாக்டர்கிட்ட போலாம்."

"காறையெலும்பைக் கரைச்சுக் குடிச்சவன் வீட்டுலயே இருக்கேன், டாக்டர் எதுக்கு?" காறையார் காலிப்பரோடு வந்தார். "ஆடாதே, அளவு தப்பும்."

மனைவி அலறினார். கணவர் அளந்தார். இடதைவிட வலது குட்டையாக இருந்தது. காறையாருக்கு முகமெல்லாம் பல். அவர் அளந்த ஜோடிகளில் பெரும்பாலும் வலதுதான் குட்டை.

"வலது எப்பவும் குட்டைதான். அச்சு அசல் பாடப்புத்தகம் நீ! வீக்கம் தன்னால வத்திடும்."

அந்த அம்மாளும் நம்பித் தொலைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் கடைக்குப் போனார். கடைசியில் ஒரு வாடிக்கையாளருக்கு முடி ஒரு பக்கம் குட்டையாகிவிட்டது. அதை இயற்கை என்று ஏற்றுக்கொள்ளும் அறிவு அவருக்கு இல்லாததால், கூச்சல் போட்டார். கடையில் உதவிக்கு இருந்த தங்கை அக்காவை நேராக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். தகவல் கிடைத்துக் காறையாரும் ஓடினார்.

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். "எலும்பு முறிஞ்சு, ஒரு துண்டு மேல இன்னொண்ணு ஏறியிருக்கு. அதான் குட்டை. அன்னைக்கே வந்திருந்தா ஒரு கட்டோட போயிருக்கும். வேலை செஞ்சு செஞ்சு விலகிடுச்சு, இனி ஆபரேஷன்தான். கை பழையபடி தூக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

காறையார் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதும் வாய் சும்மா இருந்ததா? "அளவு... அளவு சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

"சரிதாங்க" என்றார் மனைவி. "உங்க அலமாரியில இருக்கிற எலும்பு எதுவும் கத்தாது. நான் கத்தினேனே, அது உங்க காதுல விழவே இல்லையா?"