கலைவாணிக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்து

ஞானமேரிக்கு நாற்பத்தெட்டு வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் கருவடிக்குப்பத்தில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் நர்ஸாக நின்றே கழிந்தது. போன தை மாதம் அதை இழுத்து மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குகிறாள், பாவம்.

அவளுக்கு வேண்டியது பகல் டியூட்டி மட்டும்தான். புருஷன் மிக்கேலுக்குப் பக்கவாதம். பகலில் முத்தியால்பேட்டை வீட்டுக்கு நாத்தனார் வந்து பார்த்துக்கொள்வாள். ராத்திரியில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இவளை விட்டால் நாதியில்லை. நைட் டியூட்டிக்கு வா என்று கூப்பிட நாலு இடம் இருக்கிறது. பகலுக்குத்தான் அடிதடி.

ஏற்கெனவே போன இரண்டு இன்டர்வியூவிலும் ஒரே கேள்வி: "கூட வேலை செஞ்சவங்கள்ல கஷ்டமான ஆள் யாராவது உண்டா? எப்படி சமாளிச்சீங்க?" இவள் "அப்படி யாரும் இல்லீங்க, எல்லாரும் நல்லவங்க" என்றாள். அப்புறம் எங்கிருந்தும் போன் வரவில்லை. சென்னையிலிருக்கும் மகள் சிந்தியா தலையில் அடித்துக்கொண்டாள். "யாரும் இல்லன்னு சொன்னா பொய்னு நெனைப்பாங்கம்மா. நடந்ததச் சொல்லு, போதும்."

நடந்ததைச் சொல்லலாம்தான். ஆனால் அந்த நடந்தது, இதோ இந்த மூன்றாவது ஆஸ்பத்திரியின் வராந்தாவில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறதே. கலைவாணி. பதினோரு வருஷம் ஒரே வார்டு. இன்றைக்கு அதே வேலைக்கு அவளும் வந்திருக்கிறாள். இருப்பது ஒரே ஒரு இடம்.

முதலில் ஞானமேரியைக் கூப்பிட்டார்கள். நர்ஸிங் சூப்பரின்டெண்டென்ட் அமுதவல்லி அதே கேள்வியைக் கேட்டார். ஞானமேரி பேரைச் சொல்லாமல் ஆரம்பித்தாள்.

"எனக்கு அடுத்த டியூட்டிக்கு ஒருத்தங்க வருவாங்க மேடம். தெனமும் ஒரு மணி நேரம் லேட்டு. பேஷண்ட விட்டுட்டு வர முடியுமா? நானே இருந்து பிபி பாத்து, ஊசி போட்டு எல்லாம் முடிச்சிடுவேன். ஒரு நாளும் சண்ட போட்டதில்ல."

மேடத்தின் முகம் மலர்ந்தது. "சார்ட்ல யாரு கையெழுத்து போட்டது?"

"நான்தான், அவங்க பேர்ல. இல்லன்னா அவங்க சம்பளத்துல புடிச்சிடுவாங்களே. சின்னக் கொழந்த வச்சிருந்தாங்க."

சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்ததாம். அட மகராசி! அந்த நர்ஸிங் ஹோமில் அதற்கு ஒத்தாசை என்று பேர். ஒருத்திக்கொருத்தி போடாத கையெழுத்தா?

அமுதவல்லி பேனாவைக் கீழே வைத்தார். "அந்த ஊசியால ஏதாவது ஆயிருந்தா, போடாதவங்கதானம்மா மாட்டியிருப்பாங்க? மேட்ரன்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணவே இல்லியா?"

தோன்றவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை.

"சரி, சொல்லி அனுப்புறோம்" என்றார் மேடம். அதற்கு என்ன அர்த்தம் என்று இவளுக்குத் தெரியாதா?

வெளியே வந்ததும் கலைவாணி கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா கேட்டாங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் கோபப்படக்கூடத் தெம்பில்லாத அலுப்பு அவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கஷ்டமான ஆளப் பத்தி கேப்பாங்க. என்னையச் சொல்லு."

"உன்னையப் போயி என்னக்கா சொல்றது?"

"ஒருத்தி அடுத்தவங்க பேர்ல கையெழுத்து போடுவா, தப்புன்னு மேட்ரன்கிட்ட சொல்லி நிறுத்தினேன்னு சொல்லு. லேட்டா வந்ததப் பத்தி வாயத் தொறக்காத."

"நீ யாரச் சொன்ன?"

"உன்னத்தான். பேர் சொல்லல."

கலைவாணி கையை எடுத்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். "போ, போ. நேரமாவுது" என்று ஞானமேரியே அவளை எழுப்பி அனுப்பினாள்.

கதவு சாத்திக்கொண்டது. கேட்டதுக்கு மேலேயே சொல்லிக்கொடுத்தாயிற்று. பகல் வேலை அவளுக்குத்தான்; இவளுக்கு இனி நைட் டியூட்டிதான் கதி. இனிமேல் ராத்திரியில் மிக்கேலை யார் புரட்டுவது?