வேன் கூரையில் போட்ட இரண்டு பைப்

என் பழைய வேனின் கூரைமேல் சரக்கு ஏற்ற இரண்டு குறுக்குக் கம்பிகளை நானே செய்தேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது, என்மேல்தான்.

கள்ளக்குறிச்சி ஸ்டாண்டில் கேரியர் இல்லாத வண்டி என்னுடையது ஒன்றுதான். ஜீப்காரர்கள் மலைக்கு மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போக, நான் பாதி நாள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். வெல்டிங் பட்டறையில் போய்க் கேட்டதற்கு, "இந்த டப்பா மேல கேரியர் வெச்சா டப்பாவே நசுங்கிடும்பா" என்று பட்டறைக்காரர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் வெல்டிங்கே வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

பழைய கைப்பம்பிலிருந்து கழற்றிய இரும்பு பைப் ஒன்று காயலான் கடையில் கிடைத்தது. வேனின் அகலத்துக்கு மேல் ஒரு சாண் விட்டு, ஆக்சா பிளேடால் இரண்டு துண்டாக அறுத்தேன். ஒரு பகல் முழுக்கப் போனது, மூன்று பிளேடு உடைந்தது. வேன் கூரையின் இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர் வடிய ஒரு தகர விளிம்பு ஓடும். அதைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி பட்டை இரும்பைக் கொக்கியாக வளைத்து, பைப்பில் ஓட்டை போட்டு, போல்ட்டு நட்டால் முடுக்கினேன். பெயிண்ட் உரியக் கூடாதென்று கொக்கிக்கு அடியில் சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்தேன். அந்த டியூப் வைத்ததை ஏதோ பெரிய மூளை வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவில் மூன்று பேரைக் கம்பிமேல் உட்காரவைத்து, சின்னசேலம் ரோட்டில் ஓட்டிக் காட்டினேன். துளி அசையவில்லை. மனைவி இரண்டு கம்பிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். மேடு என்று ஒன்று இல்லாத ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு மலைக்கு ரெடி என்று நினைத்த மடையன் நான்.

முதல் சரக்கு மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரர் ஒருவருடையது. ஐம்பதைத் தாண்டியவர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். கடை வாசலில் எட்டு சிமெண்ட் ஷீட்டை வைத்துக்கொண்டு வண்டி வண்டியாகக் கேட்டுப் பார்த்தார். உடைந்தால் யார் பதில் சொல்வது என்று ஜீப்காரர்கள் ஒதுங்கினார்கள். நான் முந்திக்கொண்டேன்.

"இன்னைக்கே ஏத்திடணுங்க. பொண்ணு மாசமா வந்து கீதுங்க, இதான் மாசம். புல்லுக் கூரைய பிரிச்சிப் போட்டுட்டன். மேல ஒண்ணுமில்லாம கெடக்குது வூடு" என்றார். ஐப்பசி மாதம். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஏறு, போலாம்" என்றேன். எங்கள் ஊர்க்காரர் என்றால் அந்த வயதுக்கு வாங்க, போங்க என்றுதான் சொல்லியிருப்பேன். மலைக்காரரைப் பார்த்தால் எங்கள் வாயில் நீ என்பது தானாக வந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, யாரும் தப்பென்று சொன்னதுமில்லை.

கயிற்றை வாங்கி அவரே கட்டினார். ஷீட்டையும் கம்பியையும் சேர்த்து நாலு சுற்று, இறுக்கமான முடிச்சு. பிறகு வண்டியின் முன்பக்கம் வந்து நின்று பார்த்தார்.

"இங்க பம்பர்லேர்ந்து ஒரு கயிறு இழுத்து அந்தக் கம்பில கட்டிடுங்க. மேடு ஏறசொல்ல எல்லாம் பின்னால போவும்."

"எனக்கே நீ வண்டி சொல்லித் தர்றியா? மூணு ஆளு குந்திப் பார்த்த கம்பி அது."

அவர் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். கண்ணாடிக்குக் குறுக்கே கயிறு ஓடினால் வண்டி அசிங்கமாக இருக்கும் என்பதும் என் கவலை. நாசமாய்ப் போன அழகு.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது தூறல் பிடித்துக்கொண்டது. ஒரு கொண்டை ஊசி வளைவில் முதல் கியருக்கு மாற்றி ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி ஒரு குதி குதித்தது. தலைக்குமேல் சரசரவென்று ஏதோ பின்னால் போனது, அப்புறம் ஒரே சத்தம். நனைந்த டியூப் வழுக்கி, கொக்கிகள் விளிம்போடு நகர்ந்து, இரண்டு கம்பியும் ஷீட்டோடு சேர்ந்து ரோட்டில் கிடந்தன. கயிறு அவிழவில்லை. முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. ஏழு ஷீட்டு நொறுங்கிவிட்டது.

பின்னால் வந்த ஜீப் நின்றது. எல்லாம் எங்கள் ஸ்டாண்டு ஆட்கள். "இன்னாபா ஆச்சு?" என்று டிரைவர் எட்டிப் பார்த்தார். பட்டறையில் கேட்ட சிரிப்பு மறுபடியும் என் காதில் கேட்டது.

"இந்த ஆளு கட்டன லட்சணம்" என்றேன். "கயிறு கட்டத் தெரியல, நான் கட்றன் நான் கட்றன்னு வந்தான்."

சொல்ல எனக்கு நாக்கு கூசவில்லை. அவர் கீழே குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன்.

"ஆமாங்க. நாந்தான் செரியா கட்டல" என்றார்.

ஜீப் போய்விட்டது. வருகிற வண்டி டயரில் ஏறாதபடி அவர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். நான் கை கொடுக்கவில்லை. நஷ்டத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. பாதி வழியில் அவரை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன். மிஞ்சிய ஒரு ஷீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் மழையில் மேலே நடந்தார். அந்த மழை நாலு நாள் விடவில்லை.

அடுத்த வாரமே பைப்புகளை மறுபடி மாட்டி, அவர் சொன்ன மாதிரி பம்பரிலிருந்து இழுத்துக் கட்டினேன், கயிற்றுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி வைத்து. பிறகு எத்தனையோ மூட்டை மலை ஏறியது, எதுவும் நகரவில்லை. "இன்னா மூளைபா உனக்கு" என்றார்கள். தலையாட்டிக்கொண்டேன்.

தை பிறந்து ஒரு நாள் அவர் ஸ்டாண்டுக்கு வந்தார், என்னைத் தேடிக்கொண்டு. காசு கேட்கத்தான் வருகிறார் என்று மனதுக்குள் பதிலைத் தயார் செய்துகொண்டேன்.

"பேத்தி பொறந்து கீதுங்க" என்றார். "மாட்டுக் கொட்டாயிலதான் பெத்தா. கொழந்தைக்குச் சளி கட்டிக்கினு ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தோம். இப்ப தேவலாம்." பிறகு, "அன்னைக்கு நான் கட்டுனதால உங்களுக்கு வண்டி வாடகையும் போச்சி, அலைச்சலும் ஆச்சி. மனசுல வெச்சிக்காதீங்க" என்றார்.

ஜீப்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"பரவால்ல, வுடு" என்றேன்.