அந்தப் பெயர் யார் பெயரில்

பெரியக்காவை நினைத்தால் முதலில் என் கண்முன் வருவது ஒரு வெள்ளைத் திரை. அதன் மேல் மூலையில், இந்தப் பக்கத்தைக் காட்ட இயலவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் அலுவலக அறை அது. ஜன்னல் வழியே தீக்குச்சி மருந்தின் வாடை வந்துகொண்டே இருக்கும். தொலைபேசி வயரைப் பிடுங்கி மோடத்தில் செருகினால்தான் எங்களுக்கு இணையம். அது கிறீச்சிட்டு ஓய்வதற்குள், தூத்துக்குடியிலிருந்து லாரி ஆபீஸ்காரர்கள் கூப்பிட்டால் லைன் கிடைக்காதே என்று கணக்கு எழுதும் அண்ணாச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பெரியக்கா அதைக் கண்டுகொள்ளாமல் முகவரியை மறுபடியும் எழுத்து எழுத்தாகத் தட்டுவார். மறுபடியும் வெள்ளைத் திரை. "இன்னும் போய்ச் சேரல போலிருக்கு பிள்ள" என்பார்.

அவர் முதலாளியின் மூத்த மகள். தீப்பெட்டிக் கட்டு ஒட்டும் பெண்கள் முதல் லோடு ஏற்றுகிறவர்கள் வரை எல்லாருக்கும் பெரியக்கா. கழுகுமலையிலிருந்து பஸ்ஸில் வந்து பில் அடிக்கும் வேலை பார்த்த எனக்கும் அப்படியே. எங்கள் இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. அவருக்கு அங்கே சம்பளமும் கிடையாது, இன்ன வேலை என்று ஒரு பெயரும் கிடையாது. ஆனால் வெளிநாட்டுக்குத் தீப்பெட்டி அனுப்பலாம் என்று அந்த வீட்டில் முதலில் யோசித்தவர் அவர்தான். அதற்கென்று தனி லேபிள் வரைய வைத்து, அதற்கொரு பெயரும் வைத்தார். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அதைத் தட்டிப் பார்ப்பார்கள். அங்கே அவர் இருக்கமாட்டார்.

இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த வருடங்களில் எங்களூரில் வெப்சைட் வைத்திருந்தவர்கள் குறைவு. பெரியக்கா இலவசமாகக் கிடைத்த இடத்தில் தானே நாலைந்து பக்கங்கள் செய்து வைத்திருந்தார். அதன் முகவரி, சாய்கோடும் எண்ணுமாக, விசிட்டிங் கார்டில் இரண்டு வரி பிடித்தது. தூத்துக்குடியில் ஒரு ஏற்றுமதி ஏஜென்ட் அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொந்தமா ஒரு பேரு இல்லையா தாயி? வாடகை வீட்டு அட்ரஸ் மாதிரில்லா இருக்கு" என்றாராம். திரும்பி வந்த அன்றே பெரியக்கா, லேபிளின் பெயரிலேயே ஒரு டொமைன் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டார்.

மதுரையில் ஒருவர் மூலமாகப் பதிவு செய்தோம். உரிமையாளர் பெயர் என்ற இடம் வந்ததும் பெரியக்கா கையை எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். முதலாளி தினத்தந்தியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"தம்பி பேர்லயே போட்டுரும்மா. நாளைக்கு அவந்தான எல்லாத்தையும் பாக்கப் போறான்."

"சரிப்பா."

தம்பி அப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர், அவருடைய மெயில் முகவரி. பெரியக்காவே தட்டினார். எனக்கு என்னவோ போலிருந்தது. அவருக்கு அப்படி இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வீட்டில் மின்சார இணைப்பு முதல் கேஸ் சிலிண்டர் வரை ஆண்கள் பெயரில்தான் இருந்தன.

பெயர் வாங்கியதும் வேலை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தோம். பக்கங்கள் சென்னையில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்தன. பெயர் வேறோர் இடத்தில் பதிவாகியிருந்தது. இந்தப் பெயரைத் தேடி வருகிறவர்களை அந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பு என்று பெயரிடம் சொல்லிவைக்க வேண்டும். அதற்கு நேம்சர்வர் என்று இரண்டு வரிகள். முதல்முறை ஒரு புள்ளியை விட்டுவிட்டோம். திருத்திப் போட்ட பிறகும், உலகம் முழுக்க அந்தத் தகவல் பரவ ஓரிரு நாள் ஆகும் என்றார்கள். பெரியக்கா அதைக் கட்டு ஒட்டும் பெண்களுக்குச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "வீடு கட்டியாச்சு, போர்டும் எழுதியாச்சு. போஸ்ட்மேனுக்குத்தான் இன்னும் தெரியல."

ஒருநாள் காலையில் திறந்தது. முதலில் தலைப்பு, பிறகு மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக லேபிளின் படம். பெரியக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு அப்பாவைக் கூட்டிவந்து காட்டினார். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. தம்பிக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிரு" என்றார்.

அந்தப் பெயரிலேயே மெயில் முகவரியும் வந்தது. கடிதங்களின் அடியில் பெரியக்கா அப்பாவின் தலைப்பெழுத்தையும் தன் பெயரின் முதலெழுத்தையும் மட்டும் போடுவார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊரிலிருந்து வந்த முதல் விசாரணைக் கடிதமே, அன்புள்ள ஐயா என்றுதான் தொடங்கியது. திருத்தி எழுதலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும் பிள்ள. ஐயான்னு நெனச்சாத்தான் சரக்கு எடுப்பாரு" என்று சிரித்தார். அந்த ஊரின் கடற்காற்றில் குச்சி நமுத்துப்போகிறது என்று அந்த வியாபாரி எழுதியபோது, மெழுகைக் கூட்டியும் பெட்டியின் உள்தாளை மாற்றியும் அனுப்பி அனுப்பி, அவர் போதும் என்று சொல்லும்வரை பெரியக்கா விடவில்லை. அதன் பிறகு கன்டெய்னர் கன்டெய்னராகச் சரக்கு போனது. அவர்கள் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. எல்லாம் மெயிலில்தான்.

முதலாளி திடீரென்று நெஞ்சுவலியில் போனார். அதற்குள் தம்பி படிப்பை முடித்துவிட்டு வந்து நிர்வாகத்தில் உட்கார்ந்திருந்தார். கெட்டிக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். காரியங்கள் முடிந்து பாகம் பேச உட்கார்ந்தபோது, தொழிற்சாலையும் நிலமும் தம்பிக்கு என்றும், ஏற்றுமதி லேபிள் பெரியக்காவுக்கு என்றும் பேச்சானது. எட்டயபுரம் சாலையில் ஒரு ஷெட் எடுத்து அவர் தனியாக நடத்திக்கொள்வார். தம்பியும் தலையாட்டினார். பெரியக்கா என்னையும் தன்னோடு அழைத்துக்கொண்டதால், விவரம் கேட்டால் சொல்வதற்காக நானும் அன்று அங்கே இருந்தேன். கடைசியில் பெரியக்கா கேட்டார்.

"அந்த வெப்சைட் பேரு?"

தாய்மாமா ஒருவர்தான் பேச்சை நடத்தினார். அவருக்குச் சிரிப்பு வந்தது. "லேபிளே ஒனக்குன்னு ஆயிப்போச்சு. காத்துல கெடக்கிறதப் போயி கேக்கியேம்மா."

"அது எங்கயும் ஓடிப்போகாதுக்கா. மாத்தித் தாரேன்" என்றார் தம்பி.

மாற்றித் தரவில்லை. கேட்கும்போதெல்லாம், இந்தா பார்க்கிறேன் என்றார். ஷெட்டில் சரக்கு தயாராகிக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் காலை மெயில் திறக்கவில்லை. கடவுச்சொல் தவறு என்றது. டொமைன் கணக்கும் திறக்கவில்லை. தம்பி தன் பழைய மெயில் முகவரியைக் கொண்டு எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றியிருந்தார். முகவரியைத் தட்டினோம். உடனே திறந்தது. தம்பி புதிதாகத் தொடங்கிய கம்பெனியின் பக்கம், அவருடைய புகைப்படம், கீழே அவருடைய செல் நம்பர்.

பெரியக்கா பதறவில்லை. இலவச மெயில் ஒன்றைத் திறந்து அந்த ஆப்பிரிக்க வியாபாரிக்கு நடந்ததை எழுதினார். இதுவரை உங்களுக்கு எழுதியவள் நான்தான், நான் பெண், இனி இந்த முகவரிக்கு எழுதுங்கள் என்றார். குச்சி நமுத்த கதை, உள்தாள் மாற்றிய கதை எல்லாவற்றையும் சாட்சிபோல அடுக்கினார். பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தம்பி போன் செய்தார். ஷெட்டில் இரைச்சல் என்பதால் பெரியக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தார், எனக்கும் கேட்டது.

"ஏன்க்கா இப்படிச் செய்யுத? யாரோ ஒங்க பேரைச் சொல்லி ஏமாத்துதாங்கன்னு அவரு எனக்கே எழுதிக் கேக்காரு. நம்ம பேரை நீயே கெடுக்கலாமா?"

தம்பியின் பெயருக்கும் அதே முதலெழுத்து. அப்பாவின் தலைப்பெழுத்தும் அதேதான். அந்த வியாபாரியைப் பொறுத்தவரை ஆள் மாறவே இல்லை. அதே முகவரி, அதே இரண்டு எழுத்து. அன்புள்ள ஐயா என்று அவர் எழுதிக்கொண்டிருந்த அந்த ஐயா, இப்போது நிஜமாகவே இருந்தார்.

மதுரைக்காரரிடம் போனோம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் உரிமை, அவர் சம்மதித்தால் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. லேபிளை வைத்து வழக்குப் போடலாம், வருடக்கணக்கில் இழுக்கும் என்றார் வக்கீல். பெரியக்கா அதற்கும் தயாராகத்தான் இருந்தார். அம்மா ஒரே வார்த்தையில் நிறுத்தினார். "கூடப்பொறந்தவன் மேல கேஸ் போட்டுட்டு எந்த மூஞ்சியோட எனக்குச் சோறு போடுவ?" அந்த அம்மாவைத் தம்பி தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. பெரியக்காதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேபிள் அவரிடம்தான் இருந்தது. அதைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் தம்பியின் வாசலில் போய் நின்றார்கள். தம்பி வேறு லேபிளைக் காட்டி அவர்களுக்குச் சரக்கை அனுப்பினார். பெரியக்கா கொஞ்ச காலம் மற்ற தொழிற்சாலைகளுக்குக் குச்சியை மருந்தில் முக்கிக் கொடுத்தார். அதுவும் கட்டுப்படியாகவில்லை. ஷெட்டை மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விட்டார். நான் கல்யாணமாகித் திருநெல்வேலிக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை போனவள், அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அம்மா படுக்கையாகிவிட்டிருந்தார். பெரியக்கா காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, "ஒந்தம்பி போன் பண்ணினான் பிள்ள" என்றார். என்னைவிட வயதில் சின்னவர் என்பதால் அவரை என்னிடம் அப்படித்தான் சொல்வார். அம்மாவைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துப் போனை எடுத்தாராம். விஷயம் வேறு. டொமைனைப் புதுப்பிக்க வேண்டும், கடவுச்சொல் மறந்துவிட்டது, பழைய மெயிலோ எப்போதோ செத்துப்போய்விட்டது. பதிவு செய்தபோது அடையாளத்துக்காக ஒரு கேள்வியும் பதிலும் கொடுத்திருக்கிறது, அதைச் சொன்னால்தான் விடுவோம் என்கிறார்களாம்.

"என்ன கேள்விக்கா வச்சிருந்தீங்க?"

"தம்பியச் சின்னப்பிள்ளையில நான் எப்படிக் கூப்பிடுவேன்னு வச்சிருந்தேன். அவனுக்கு ஞாபகம் இல்லயாம்."

கறுப்பாக, சின்னதாகப் பிறந்த குழந்தையாம். உளுந்து என்றுதான் கூப்பிடுவாராம். பள்ளிக்கூடம் போகும் வயதுவரை வேறு பெயர் சொன்னால் அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டானாம்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லலன்னா அந்தப் பேரு வேற எவன் கையிலயாவது போயிரும்லா." முந்தானையால் டம்ளரின் அடியைத் துடைத்தார். "சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அழுதானோன்னுகூட நெனச்சேன் பிள்ள. பெறகு, இங்கிலீஷ்ல எப்படி ஸ்பெல்லிங் போட்டிருக்கன்னு கேட்டான்."