நீலக் கட்டைவிரல்

என் அண்ணிக்குப் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வேலை. வருகிறவர்களின் பெயரை எழுத வேண்டும், உள்ளேயிருந்து மணி அடித்தால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். மிச்ச நேரமெல்லாம் கதைப் புத்தகம். நான் படிக்கும் தத்துவ நூல் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "இதுல ஒருத்தர்கூட சாப்பிட மாட்டேங்கறாங்களே தம்பி, எப்படி உயிரோட இருக்காங்க?" அன்றிலிருந்து நானும் அந்த நூலில் ஒரு சாப்பாட்டையாவது தேடிக்கொண்டிருக்கிறேன்.

காத்திருப்பவர்களுக்காகச் சொந்தப் புத்தகங்கள் சிலவற்றை அங்கே வைத்திருந்தார். வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது அண்ணியே போட்ட விதி.

அதில் ஒரு தடித்த நாவலைப் பெயிண்டர் ஒருவர் பிடித்துக்கொண்டார். சொத்தைப் பல்லை அடைக்க வந்தவர், அடைத்து முடிந்த பிறகும் வந்தார். ஒரு வாரம் மேல்வரிசையில் வலி, அடுத்த வாரம் கீழ்வரிசையில். டாக்டர் தட்டிப் பார்ப்பார். ஒன்றும் பிடிபடாமல், வாய் கொப்பளிக்க மருந்து எழுதி அனுப்புவார்.

வலி எங்கே என்று அண்ணிக்குத் தெரியும். வேலையிலிருந்து நேராக வருகிறவரின் கட்டைவிரலில் பெயிண்ட் சரியாகக் காய்ந்திருக்காது. நிறுத்திய இடம் பக்கத்தின் ஓரத்தில் பதிந்துவிடும். அவர் போனதும் அண்ணி நாவலைத் திறந்து பார்ப்பார். ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு நீல விரல் ரேகைகள் இருந்தன. மகளைப் பஸ் ஏற்றிவிட்ட அப்பா ஒருவர், பஸ் போன பிறகுதான் அவள் பை தன் கையிலேயே இருப்பதைக் கவனிக்கும் இடம் அது. அண்ணி முன்பு அதை வேகமாகத் தாண்டியிருந்தார்.

"ரெண்டு தடவை படிச்சிருக்காரு தம்பி. நான் பார்க்காத எதையோ பார்த்திருக்காரு. என்னவா இருக்கும்?"

"கேட்டுடுங்களேன்."

"பல்லைத் தவிர வேற எதைக் கேட்டாலும் கூச்சப்பட்டு வராம போயிடுவாரு."

புத்தகத்தை அவரிடம் கொடுத்தனுப்பாததற்கும், அவர் வராமல் போய்விடுவார் என்ற அந்தப் பயம்தான் காரணம். ஒரே வரியில் இன்னொருவர் என்ன கண்டார் என்ற கேள்வியைப் பற்றி நான் கனத்த நூல்கள் படித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் யாரும் அதற்காக இவ்வளவு தவித்ததாகத் தெரியவில்லை.

என் கடைவாய்ப் பல்லைக் காட்ட நான் போயிருந்த அன்று, பெயிண்டர் ஒரு பக்கக் கன்னம் தொங்க உள்ளேயிருந்து வந்தார். டாக்டர் பொறுமை இழந்து, பல்லைப் பிடுங்கிவிடுவதென்று ஊசி போட்டிருந்தார். நன்றாக மரத்துப்போகும் வரை வெளியே உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் நாவலை எடுத்தார். முகத்தில் பாதிதான் சிரித்தது. ஆனால் அந்தப் பாதி நன்றாகவே சிரித்தது.

"நல்ல பல்லு தம்பி," என்றார் அண்ணி என்னிடம், மெல்ல. "என்னாலதான் போகப்போகுது."

மணி அடித்தது. பெயிண்டரைக் கூப்பிட வேண்டிய அண்ணி, தானே போய்க் கதவருகே நின்றார்.

"டாக்டர், அவருக்கு இன்னும் கடைசி அத்தியாயம் பாக்கி."

"எந்தப் பல்லுல?"

"புத்தகத்துல."

உள்ளே குறடு தட்டில் விழும் சத்தம் கேட்டது. "அடுத்த ஆளை அனுப்புங்க," என்றார் டாக்டர். "பல்லு வலிக்கிற ஆளா பார்த்து அனுப்புங்க."

அது நான்தான். ஆனாலும் எழவில்லை.

அண்ணி பெயிண்டரிடம் வந்தார். "புத்தகத்தை வீட்டுக்கே கொண்டு போங்கண்ணே. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க." இரண்டு ரேகைகள் இருந்த பக்கத்தைத் திறந்து காட்டினார். "இதை ஏன் ரெண்டு தடவை படிச்சீங்க?"

அவர் பக்கத்தைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். மரத்த உதட்டை இழுத்து இழுத்துச் சொன்னார்: "எங்கேம்மா படிச்சேன்? ஆரம்பிச்சேன், நீங்க கூப்பிட்டீங்க. அடுத்த வாரம் வந்து ஆரம்பிச்சேன், மறுபடி கூப்பிட்டீங்க. இது ராசியில்லாத பக்கம்னு தாண்டிப் போயிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அப்படி என்ன இருக்கு இதுல?" என்றார் பெயிண்டர்.

அண்ணி அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த அப்பா கையில ஒரு பை இருக்கு பாருங்க..." என்று ஆரம்பித்தார்.

உள்ளே மறுபடி மணி அடித்தது. அண்ணி என்னைக் கூப்பிடவில்லை.