இருபத்தெட்டு அடி மீனைக் கட்டியவர்

மினசோட்டாவின் வடக்கே, ஏரியோரத்தில், ஆல்டர் பே என்று ஓர் ஊர். இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்த ஊருக்குப் பதினாலு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். ஊரின் நீள அகலத்துக்கு அது தாராளம்தான். ஒன்பதாவது வரி இப்படி: ‘ஏரிக்கரையில் நிற்கும் இருபத்தெட்டு அடி ட்ரவுட் மீன் சிலையை 1992இல் படகு வியாபாரி டேல் ஆஸ்ட்பி கட்டினார்.’

நீளம் சரி. ஆண்டு சரி. கரையும் அதே கரைதான். ‘கட்டினார்’ என்கிற சொல்லோடுதான் அய்லி கோஸ்கிக்கு வழக்கு. ராஜா கோயில் கட்டினார் என்று எழுதுகிறோமே, அந்த வகைக் ‘கட்டினார்’ அது. ராஜா உளியைத் தொட்டிருக்க மாட்டார். டேல் ஆஸ்ட்பியும் தொடவில்லை.

தொட்டவன் அய்லியின் கணவன் ரெய்னோ. டேலின் கடையில், ஓட்டை விழுந்த படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுகிற வேலை அவனுக்கு. “ரோட்டுல போற கார்க்காரன் பூரா நின்னு பாக்கணும்ப்பா, பெருசா ஒரு மீன் செய்” என்று டேல் ஒருநாள் சொன்னான். அவன் பங்கு அதோடு முடிந்தது என்று சொல்வது அநியாயம். சாமானும் அவன்தான் கொடுத்தான். ரெய்னோ தன் வீட்டுக் கார் கொட்டகையில் இரண்டு குளிர்காலம் அந்த மீனோடு குடித்தனம் நடத்தினான். கார் வெளியே பனியில் கிடந்தது. அய்லி பகலெல்லாம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறிவிட்டு, சாயங்காலம் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பசையைக் கலக்கிக் கொடுத்தாள். மீனின் உடம்பில் நானூற்றுச் சொச்சம் புள்ளிகள். பாதி அவள் வைத்தவை.

கரையில் நிறுத்துவதற்கு முந்தின வாரம் ரெய்னோ கேட்டான்: “வால்ல நம்ம பேரப் போடட்டுமா?”

“எதுக்கு? சர்ச்சுல காபி குடிக்கறப்போ ‘கோஸ்கி பெரிய ஆளாயிட்டான்’னு நாலு பேரு சொல்லவா?”

ஃபின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அந்தக் குடும்பங்களில் திருடியவனுக்குக்கூட ஒருநாள் மன்னிப்புக் கிடைக்கும். தன்னைத் தானே மெச்சிக்கொண்டவனுக்குக் கிடைக்காது. பத்திரிகைக்காரர் கேமராவோடு வந்தபோது ரெய்னோ கையைத் துடைத்துக்கொண்டே, “முதலாளி அங்க நிக்கறாரு, அவரக் கேளுங்க” என்றான். முதலாளி அங்கேதான் நின்றிருந்தார். கேட்டதற்கெல்லாம் சொன்னார்.

டேல் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. ரெய்னோ போன வருஷம் போனான். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் அய்லியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “வால்ல போடல. வாய்க்குள்ள போட்டேன். கீழ்ப் பல்லுக்குப் பின்னால. கோவிச்சுக்காதே.”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எழுபத்துமூன்று வயதில் ஒரு கணக்குத் திறந்தாள், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அந்தக் கலைக்களஞ்சியத்தில்.

அதற்கு ஊர் நூலகத்தில் மார்லிஸ் ஒரு வகுப்பு நடத்தினாள். மார்லிஸ் நூலகப் பொறுப்பாளர். அய்லியோடு சர்ச்சில் பாடுகிறவள். அய்லி சுடுகிற ஏலக்காய் ரொட்டிக்குக் கட்டுப்பட்டவள். வந்தது ஐந்து பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். அதில் இரண்டு விதி கொட்டை எழுத்தில் இருந்தன. பிறருக்கு உரிமையான எழுத்தையோ படத்தையோ எடுத்துப் போடாதீர்கள், அது காப்புரிமை. உங்களுக்கு வேண்டியவரைப் பற்றி நீங்களே எழுதாதீர்கள், எழுதியே ஆகவேண்டுமென்றால் உறவை முதலில் சொல்லிவிடுங்கள்; அது நலமுரண்.

இரண்டும் நல்ல விதிகள். இவை இல்லாவிட்டால் உலகத்திலுள்ள ஒவ்வொரு பல் வைத்தியரும் அங்கே போய்த் தன்னை மகான் என்று எழுதிவைத்துவிடுவார். இதை அய்லியும் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதோடு நில்லாமல் கீழ்ப்படியவும் செய்தாள். தன் பெயருக்கென்று கொடுத்த பக்கத்தில் முதல் வேலையாக எழுதினாள்: ‘நான் ரெய்னோ கோஸ்கியின் மனைவி. ஆல்டர் பே மீன் விஷயத்தில் எனக்கு நலமுரண் உண்டு.’

மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். “ஏண்டி, கேக்கறதுக்கு முன்னாடியே ஏன் ஒத்துக்கறே? போலீஸ் ஸ்டேஷனா இது?”

“தாள்ல போட்டிருக்கே.”

“தாள்ல போட்டிருக்கறத எல்லாம் செஞ்ச ஒரே ஆளு நீதான்.”

அய்லி ஒன்பதாவது வரியில் டேலின் பெயரை எடுத்துவிட்டு, காலமான தன் கணவர் என்ற குறிப்போடு ரெய்னோவின் பெயரைப் போட்டாள். பதினோரு நிமிஷம் ரெய்னோ அங்கே இருந்தான். பன்னிரண்டாவது நிமிஷம் டேல் திரும்பி வந்துவிட்டான். கூடவே ஒரு கடிதம். எழுதியவர் பெயர் ‘சாம்பல் நாரை’. ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. தன் பெயரைச் சொல்லாமலிருப்பதற்கு அங்கே விதியில் இடமுண்டு.

‘வருக. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. உங்கள் கணவரின் மறைவுக்கு என் இரங்கல். நலமுரண் உள்ளவர் கட்டுரையை நேரடியாக மாற்றலாகாது. கட்டுரையை ஒட்டிய பேச்சுப் பக்கத்தில் கோரலாம். கோரிக்கைக்கு அச்சில் வந்த ஆதாரம் தேவை. இப்போதுள்ள தகவலுக்கு ஆதாரம் உள்ளது.’

உள்ள ஆதாரம் 1992 கோடைக்காலத்து மாவட்டப் பத்திரிகை. டேல் சிரிக்கிறான், மீன் பின்னால் வாயைப் பிளந்து நிற்கிறது. படத்தின் ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை. அது யாருடைய முழங்கை என்று அய்லிக்குத் தெரியும். முழங்கையெல்லாம் ஆதாரமாகாது என்று நாரை மரியாதையாகச் சொன்னது.

“சரி, பேரு வேணாம். மீன் படமாவது போடறேன். கட்டுரையில படமே இல்லியே” என்றாள் அய்லி. தானே எடுத்த படம். காலை வெயில், பின்னால் ஏரி, புள்ளிகள் நன்றாக விழுந்திருந்தன. ஒரு வாரத்தில் நீக்கிவிட்டார்கள். படம் எடுத்தது நீங்களாக இருக்கலாம், படத்திலிருப்பது ஒரு சிலை. சிலை செய்தவருக்குக் காப்புரிமை உண்டு. அவர் இல்லாவிட்டால் அவருடைய வாரிசின் அனுமதி வேண்டும். அமெரிக்கச் சட்டம் அப்படி.

இதைப் படித்துவிட்டு அய்லி சிரித்தாள். ரெய்னோ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். நூலகத்துக்கு ஓடினாள்.

“மார்லிஸ், சட்டமே சொல்லுதுடி. செஞ்சவனுக்குத்தான் மீன் சொந்தமாம். அவன் இல்லேன்னா வாரிசுக்கு. வாரிசு யாரு? நான்.”

“எழுது, எழுது. இப்பவே எழுது.”

எழுதினாள். நான் வாரிசு, அனுமதி தருகிறேன், தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். சாம்பல் நாரை இரண்டு நாள் யோசித்துப் பதில் போட்டது. அதில் தவறு கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அதிலிருந்த கொடுமை. ‘கிடைக்கும் ஆதாரங்களின்படி சிலையைக் கட்டியவர் டேல் ஆஸ்ட்பி. எனவே அனுமதி அவருடைய வாரிசிடமிருந்து வரவேண்டும். இந்தப் பிரச்சினையைக் கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி. ஆஸ்ட்பி குடும்பத்துக்கு நானே மின்னஞ்சல் அனுப்பியுள்ளேன்.’

டேலின் மகன் கென்ட் ஆஸ்ட்பி மறுநாளே கையெழுத்துப் போட்டு அனுப்பினான். அய்லி அவன் கடைக்குப் போனாள். கென்ட் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“வாங்க மிஸஸ் கோஸ்கி. மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுதா?”

“மோட்டார் ஒழுங்காத்தான் இருக்கு. நீதான் மக்கர் பண்றே. என்னமோ கையெழுத்துப் போட்டியாமே.”

“அந்த மீனா? ஆமா, மெயில் வந்துச்சு. படம் போடணும், வாரிசு சம்மதிக்கணும்னாங்க. போட்டுக்கங்கன்னுட்டேன். ஊருக்கு நல்லதுதானே. படத்தப் பாத்தாத்தான் வண்டி நிக்கும்.”

“மீனச் செஞ்சது யாரு கென்ட்?”

கென்ட் ஸ்க்ரூ ட்ரைவரைக் கீழே வைத்தான். கெட்டவன் இல்லை. ரெய்னோவின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவன்.

“ரெய்னோதான் ஒட்டினாரு. எனக்குத் தெரியாதா? உங்க கொட்டகைக்கு வந்து பாத்திருக்கேனே. மூக்கு எரிஞ்சுது.”

“அப்போ அதையே எழுதிக் குடு.”

“ஃபாரத்துல ‘ஒட்டினவர்’னு ஒரு கட்டம் இல்லியே. ‘உரிமையாளர்’னு ஒண்ணுதான் இருந்துச்சு. யோசனை அப்பாவோடது, சாமான் அப்பாவோடது, சம்பளமும் அப்பா குடுத்தாரு. சம்பளத்துக்குச் செஞ்சா அது முதலாளிக்குத்தானாம், சட்டமே இருக்காம்.”

“சம்பளம் ஆறு மணி வரைக்கும்தான்ப்பா. ஆறு மணிக்கு மேல என் சாப்பாட்டுல செஞ்சான்.”

“அதுக்கு எழுத்துல ஏதாச்சும் இருக்கா?” கென்ட் இதைக் கனிவாகத்தான் கேட்டான்.

“பள்ளிக்கூடத்துல நான் போடற பட்டாணியத் தட்டுக்கு அடியில ஒளிச்சு வெப்பியே, அப்பவே உன்னப் புடிச்சிருக்கணும். பாவம்னு விட்டேன்.”

கென்ட் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கதவு வரை வந்து, பனி வழுக்கும், பார்த்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பினான்.

அந்த வார முடிவில் கட்டுரையில் படம் வந்தது. அய்லி எடுத்த அதே படம். கீழே: ‘டேல் ஆஸ்ட்பியின் படைப்பு. வாரிசின் அனுமதியுடன்.’ முன்பு ஒரு பத்திரிகைத் துணுக்கு மட்டுமே ஆதாரமாக இருந்தது. இப்போது கையெழுத்திட்ட பத்திரமும் சேர்ந்துகொண்டது. அதைக் கேட்டு வாங்கச் செய்தவள் அவள்தான். கென்ட் தன் பக்கத்தில் நலமுரண் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத அவனுக்குப் பக்கமே இல்லை. அவன் எதையும் திருத்தவில்லையே, கேட்டதற்குக் கையெழுத்துத்தானே போட்டான். அவன் அப்பாவும் அப்படித்தான்.

மிச்சமிருந்தது மீனின் வாய். சனிக்கிழமை மத்தியானம் மார்லிஸ் நூலகத்து ஏணியைத் தன் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“நான் ஏறறேன். நீ விழுந்து வெச்சா அதுக்கும் ஆதாரம் கேப்பாங்க.”

“நீ ஏணியப் புடி. முப்பது வருஷம் பாக்காம விட்டது நான்.”

அய்லி ஏறி, பிளந்த வாய்க்குள் தலையை நீட்டினாள். சிலந்திக் கூடு, ஒரு பழைய பீர் டப்பா. கீழ்ப் பல் வரிசைக்குப் பின்னால், பெயின்ட் இன்னும் மங்காமல், பாட்டனின் ஃபின்லாந்து மொழியில் இரண்டு வரி. *ரெய்னோ செய்தான். அய்லி கலக்கினாள்.*

“இருக்கா?” என்று கீழேயிருந்து மார்லிஸ் கேட்டாள். அய்லி இரண்டாவது வரியை விரலால் தடவினாள். “ஏய், இருக்காடி?”

“இருக்கு. என் பேரையும் போட்டுத் தொலைச்சிருக்கான்.”

படம் எடுத்தாள். பேச்சுப் பக்கத்துக்காக ஏற்றினாள். நான்கு நாள் கழித்து நாரையின் பதில் வந்தது. சொந்தமாகத் தேடிக் கண்டுபிடித்ததை ஆதாரமாக ஏற்க இயலாது. யாராவது அச்சில் எழுதினால் பிறகு பார்க்கலாம். எழுத யாருமில்லை, மாவட்டப் பத்திரிகை மூடி ஆறு வருஷம். தவிர, படத்தில் சிலையின் வாய்ப் பகுதி தெரிகிறது. கென்ட் ஆஸ்ட்பி அனுமதித்தது ஒரு படத்துக்கு மட்டும். இந்தப் படத்துக்கு அவருடைய தனி அனுமதி இல்லாததால் இது நீக்கப்படுகிறது.

“கென்ட்கிட்ட கேப்போமா?” என்றாள் மார்லிஸ்.

“எத? என் புருஷன் எழுதினத நான் காட்டலாமான்னா?” அய்லி கோட்டை மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கணினிப் பக்கம் உட்காரவில்லை.

அந்தக் கலைக்களஞ்சியத்தின் தேடல் பெட்டியில் ரெய்னோ கோஸ்கி என்று அடித்தால் இன்றைக்கும் ஒரே ஓர் இடம் வருகிறது. கட்டுரையல்ல. வகுப்பு நடந்த அன்று அய்லி தன் பக்கத்தில் எழுதிய ஒப்புதல்: ‘நான் ரெய்னோ கோஸ்கியின் மனைவி. ஆல்டர் பே மீன் விஷயத்தில் எனக்கு நலமுரண் உண்டு.’ அந்த வரியை யாரும் நீக்கவில்லை. அதற்கு ஆதாரமும் கேட்கவில்லை.